கம்பு ஊன்றாமல் தார்ப்பாய் கட்டுவது எப்படி?

2023ஆம் ஆண்டு டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையைத் தூத்துக்குடி மாவட்ட உழவர்கள் எளிதில் மறக்கமாட்டார்கள். காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. திருச்செந்தூரில் 69, ஸ்ரீவைகுண்டத்தில் 62. இந்த மாவட்டத்தில் ஓராண்டு முழுவதும் பெய்யும் சராசரி மழையைவிடக் கூடுதலாகக் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் கொட்டிற்று.

அப்படிப்பட்ட நாளில் ஒரு தார்ப்பாயால் என்ன செய்ய முடியும்? குளம் உடைத்துக்கொண்டு கீழிருந்து வரும் வெள்ளத்தை எந்தப் பாயும் தடுக்காது. உண்மைதான். ஆனால் அது என்றோ ஒரு நாள் வருவது. ஐப்பசி, கார்த்திகையில் ஓர் இரவில் 5 சென்டிமீட்டர், 8 சென்டிமீட்டர் என்று பெய்யும் சாதாரண மழை ஒவ்வோர் ஆண்டும் வருகிறது. களத்தில் கிடக்கும் தானியத்தையும் கரையில் ஏற்றிய வள்ளத்தையும் அதிகம் கெடுப்பது இந்த மழையே. பெரும்பாலும் பாய் இல்லாமல் இழப்பு ஏற்படுவதில்லை. பாய் இருந்தும், அதைக் கட்டிய விதத்தால் ஏற்படுகிறது.

சாயர்புரம் வட்டாரத்தில் இதற்கு ஒரு தனிக் காரணமும் உண்டு. தூத்துக்குடிக்குத் தென்மேற்கே உள்ள இந்தப் பகுதியில் செம்மணல் தேரி பரவிக் கிடக்கிறது. கிழக்கே போனால் பழையகாயல், முக்காணி, புன்னைக்காயல் என்று தாமிரபரணி கடலில் சேரும் இடம். வாழைத் தோட்டம், நெல் வயல், உப்பளம், கடற்கரை எல்லாம் அடுத்தடுத்து இருக்கின்றன. வயலில் பாதி, வள்ளத்தில் பாதி என்று பிழைப்பு நடத்துவோரும் உண்டு. களமானாலும் கடற்கரையானாலும் இங்கே காலடியில் மணல்தான். மணலில் ஊன்றிய கம்பு மழை விழுந்ததும் இறங்கும். காற்று அடித்ததும் சாயும். ஆகவே கம்பு இல்லாமல் பாயைத் தாங்கச் செய்யும் முறையை இப்பகுதி உழவர்கள் அறிந்துகொள்வது நலம்.

தண்ணீரின் எடை

களத்தில் வழக்கமாக நடக்கும் பேச்சு இது. “அண்ணாச்சி, நடுவுல தண்ணி தேங்குது, இன்னொரு கம்பு குடுப்போமா?” “குடுலே, ரெண்டாவே குடு.” இரண்டு கம்பு கொடுத்தால் இரண்டு கம்புக்கும் இடையில் தேங்கும். நாலு கொடுத்தால் நாலு குழி. கம்பு என்பது பாயை ஒரு புள்ளியில் மட்டும் தூக்குகிறது. சுற்றிலும் உள்ள பாய் தொய்ந்து, அங்கே கிண்ணம் போல் குழி விழுகிறது.

அந்தக் கிண்ணத்தில் எவ்வளவு தண்ணீர் பிடிக்கும் என்பதைக் கணக்கிட்டுப் பார்த்தால் திகைப்பு ஏற்படும். ஒரு மீட்டர் அகலமும் நடுவில் 20 சென்டிமீட்டர் ஆழமும் உள்ள குழியில் ஏறத்தாழ 80 லிட்டர் தண்ணீர் நிற்கும். அதாவது 80 கிலோ. ஒரு மூட்டை நெல்லைத் தூக்கிப் பாயின்மேல் வைத்ததற்குச் சமம். அவ்வளவு பாரமும் கம்பின் நுனியில் இரண்டு விரல் அகலத்தில் வந்து அழுத்தினால் பாய் கிழியாமல் என்ன செய்யும்? கம்பின் தலையில் துணி சுற்றுவது, கொட்டாங்குச்சி கவிழ்ப்பது எல்லாம் ஒரு மழைக்குத் தாங்கும், அவ்வளவே.

எனவே தண்ணீரைத் தாங்க முயல்வதைவிட, அது தங்காமல் ஓடச் செய்வதே வழி. இரண்டடி அகலத்துக்கு ஓரடியாவது சரிவு இருந்தால் மழை நீர் நிற்காமல் ஓடிவிடும்.

தூத்துக்குடி உப்பளங்களில் இதைப் பல காலமாகச் செய்துவருகிறார்கள். வடகிழக்குப் பருவமழைக்கு முன் உப்பை அம்பாரமாகக் குவித்து, மேலே பனை ஓலையை அடுக்கி மூடிவிடுவார்கள். இப்போது தார்ப்பாயும் போடுகிறார்கள். அங்கே ஒரு கம்புகூட இல்லை. உப்பு தானாகச் சரிந்து நிற்கும் சரிவே கூரைக்குத் தாங்கல். உயரமான முதுகு, இரு புறமும் சரிவு, ஓரத்தில் பாரம் என்ற மூன்றும் அமைந்தால் கம்புக்கு வேலை இல்லை. உப்பு அம்பாரத்தில் முதுகு தானே அமைந்துவிடுகிறது. வள்ளத்திலும் நெல் களத்திலும் அதை நாம் அமைத்துக் கொடுக்கவேண்டும்.

வள்ளத்துக்குக் கூரை

முதலில் வள்ளத்தை எடுத்துக்கொள்வோம். வள்ளத்துக்குச் சரியாகக் கட்டக் கற்றுக்கொண்டவருக்குக் களத்தில் கட்டுவது சிரமமாக இராது.

வள்ளத்தின் அணியமும் அமரமும் உயர்ந்து, நடுப்பகுதி தாழ்ந்திருக்கும். அதன்மேல் பாயை அப்படியே விரித்தால் பாயும் நடுவில் தாழ்ந்து தொட்டியாகிவிடும். உள்ளே கம்பு நிறுத்தலாம் என்றால் அடிப்பலகை வளைந்திருப்பதால் கம்பின் கால் நிற்காது. காற்றில் அசைந்து அசைந்து பலகையைத் தேய்க்கும். ஃபைபர் படகிலும் அப்படித்தான்.

மழை நீர்தானே, இறைத்துவிட்டால் போகிறது என்று சிலர் நினைப்பார்கள். மரப்படகுக்கு உப்பு நீரைவிட நல்ல நீரே பகை. மரத்தை உளுக்கச் செய்யும் பூஞ்சணம் உப்பு ஏறிய பலகையில் எளிதில் வளராது. மழை நீர் தேங்கிய மூலைகளில் நன்றாக வளரும். 1961ஆம் ஆண்டோடு நின்றுபோன முத்துக்குளிப்புக்குச் சென்ற வள்ளங்கள் எல்லாம் பலகையால் ஆனவை. இன்று ஃபைபர் படகுகள் பெருகிவிட்டன. ஃபைபர் உளுக்காது. ஆனால் உள்ளே தேங்கும் நீரின் பாரமும், நனையும் இயந்திரமும், வலையும் கவலைக்குரியவையே.

கம்பில்லாத கூரைக்கு இரண்டு பொருள் வேண்டும். ஒன்று நீளக் கயிறு. மற்றொன்று குறுக்கு வளை.

அணியத்தின் தலையிலிருந்து அமரம் வரை நடுவாக ஒரு கயிறு கட்டவேண்டும். அணியத்தில் உயரம் தானாகவே கிடைக்கும். அமரத்தில் உயரம் போதாவிட்டால் பின்பலகையின்மேல் ஐஸ் பெட்டியையோ, வைக்கோல் திணித்த சாக்குகளையோ வைத்துக் கட்டி, கயிற்றை அதன்மேல் ஏற்றிக் கீழே இழுத்துக் கட்டலாம். பக்கத்தில் பனையோ தென்னையோ இருந்தால் இன்னும் நல்லது. கயிற்றின் நுனியை மரத்தில் கட்டிவிடலாம்.

இங்கே பலர் செய்யும் ஒரு காரியம் கயிற்றை வில்லின் நாண் போல விறைப்பாக இழுப்பது. 12 அடி அகலமும் 36 அடி நீளமும் உள்ள தார்ப்பாயின் எடை, சதுர மீட்டருக்கு 200 கிராம் ரகமானால், 8 கிலோதான். 30 அடி நீளக் கயிற்றில் அந்த 8 கிலோ பரவலாகத் தொங்கும்போது, நடுவில் ஓரடி தொய்வு விட்டிருந்தால் கயிற்றின் இழுப்பு ஏறத்தாழ 30 கிலோ. தொய்வே கூடாது என்று இரண்டு அங்குலமாகக் குறைத்தால் அதே 8 கிலோவுக்கு இழுப்பு 180 கிலோவாகிவிடும். அதன்மேல் காற்றும் சேர்ந்தால் கயிறு அறும், அல்லது கட்டிய இடம் பெயரும். அதற்காக ஓரடி தொய்வை அப்படியே விட்டாலும் நடுவில் பள்ளம் விழுந்துவிடும். எனவே கயிற்றை மிதமாக இழுத்துக் கட்டி, இடையிடையே அதைத் தூக்கிக் கொடுப்பதே சரியான வழி. அதற்குத்தான் வளை.

கூண்டு வண்டி பார்த்தவர்களுக்கு வளையை விளக்க வேண்டியதில்லை. வண்டியின் ஒரு புறத்திலிருந்து மறு புறத்துக்கு மூங்கில் பிளாச்சை வளைத்துச் செருகி, மேலே பாயைப் போட்டுக் கட்டினார்கள். உள்ளே உட்காருபவர் காலை மறிக்க ஒரு கம்பு கிடையாது. மழை இரு புறமும் வழிந்தோடியது. கேரளத்துக் கெட்டுவள்ளத்தின் கூரையும் இதே முறைதான்.

ஏழு அடி அகலமுள்ள படகு என்று வைத்துக்கொள்வோம். நடுவில் இரண்டடி உயரம் வருமாறு வளைக்க எட்டரை அடி நீளம் பிடிக்கும். இரு புறமும் விளிம்புக்குக் கீழே ஓரடி இறங்கி வங்கில் முட்டிக்கொண்டு நிற்கவேண்டும். ஆகப் பத்தரை அடிப் பிளாச்சு தேவை. முக்கால் அங்குல பி.வி.சி. குழாயும் வளைந்து கொடுக்கும். ஆனால் வெயிலில் சில ஆண்டுகளில் முறுகிவிடும். நாலரை, ஐந்து அடிக்கு ஒரு வளை வீதம் 30 அடிப் படகுக்கு ஐந்து அல்லது ஆறு வளை போதும். படகு அணியத்தை நோக்கிக் குறுகுவதால் அங்குள்ள வளைகளை அளவு பார்த்துச் சிறிதாக நறுக்கிக்கொள்ளவேண்டும். எல்லாவற்றையும் ஒரே அளவில் வெட்டிவிட்டு, பிறகு அணியத்து வளை மட்டும் ஒட்டகத்தின் திமில் போல் துருத்துகிறதே என்று வருந்துவதில் பயனில்லை.

ஒவ்வொரு வளையின் உச்சியையும் நீளக் கயிற்றோடு சேர்த்துக் கட்டவேண்டும். இதைச் செய்யாதவர்களே பெரும்பாலும் இம்முறை சரிப்படாது என்று கைவிடுகிறார்கள். கயிற்றோடு கட்டாத வளை காற்றில் ஒருபுறமாகப் படுத்துவிடும். வளை தாங்காத கயிறு தொய்ந்துவிடும். இரண்டும் சேர்ந்தால் ஒன்றை ஒன்று பிடித்துக்கொள்ளும். பிளாச்சின் முனையிலும் கணுவிலும் பாய் உரசும் இடங்களில் பழைய சைக்கிள் டியூபை நறுக்கிச் சுற்றிவிடவேண்டும்.

பாயின் அளவு வருமாறு: உச்சியிலிருந்து விளிம்பு வரை ஒரு புறத்துக்கு நாலே கால் அடி; விளிம்புக்கு வெளியே தொங்க ஒன்றே முக்கால் அடி. இரு புறமும் சேர்த்து 12 அடி. நீளத்தில் இரு முனையிலும் இரண்டு மூன்று அடி கூடுதலாக இருக்கவேண்டும். ஆக 30 அடிப் படகுக்கு 12க்கு 36 அடிப் பாய் சரியாக இருக்கும். இவ்வளவு பெரிய பாயைத் தட்டையாக விரித்து வைத்திருந்தால், 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் பெய்தது போன்ற மழையில் அதன்மேல் விழும் நீர் 38,000 லிட்டர். 12,000 லிட்டர் பிடிக்கும் தண்ணீர் லாரி மூன்றுக்கும் மேல். சரிவு ஏன் வேண்டும் என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

இரு முனைகளையும் இறுக மூடக்கூடாது. உள்ளே காற்று ஓடவேண்டும். மூடிய கூரைக்குள் ஈரம் நின்றால் மழையில் நனைந்ததைவிடக் கேடு. எண்ணெய் உள்ள இயந்திரம் உள்ளே இருந்தால் இது இன்னும் முக்கியம். படகின் அடியில் நீர் வெளியேறும் துளை இருந்தால், கரையில் இருக்கும்வரை அதன் அடைப்பைக் கழற்றி வைக்கலாம். வெள்ள எச்சரிக்கை வந்தால் மட்டும் அடைப்பைத் திரும்பப் போட்டு, அணியத்தை ஒரு வலுவான மரத்தில் நீளக் கயிற்றால் கட்டிவிடவேண்டும்.

மணலில் பிடிமானம்

பாயின் ஓரங்களை எங்கே கட்டுவது? மணலில் முளை அடித்தால் நிற்காது என்பது எல்லாருக்கும் தெரியும். வள்ளமானால் ஒரு புறத்து ஓரக் கயிற்றைப் படகின் வயிற்றுக்கு அடியில் விட்டு மறு புறத்து ஓரத்தில் கட்டலாம். படகைத் தடிகளின்மேல் ஏற்றியிருந்தால் இது சுலபம்.

களத்தில் அந்த வசதி இல்லை. அங்கே முளைக்குப் பதில் சாக்கைப் புதைக்கலாம். யூரியா சாக்கு ஒன்றில் மணலை நிரப்பி, நடுவில் கயிற்றைக் கட்டி, ஒன்றரை அடி முதல் இரண்டடி ஆழத்தில் குறுக்காகக் கிடத்தி, மேலே மணலைத் தள்ளி மிதித்துவிடவேண்டும். அதைப் பிடுங்கவேண்டுமானால் மேலே உள்ள மணல் முழுவதையும் தூக்கவேண்டும். நீளமான பனை மட்டையைக் குறுக்காகப் புதைத்தாலும் இதே பலன்.

இதைவிட எளிய வழி, ஓரத்தில் பாரம் தொங்கவிடுவது. ஐந்து லிட்டர் கேனில் தண்ணீரோ மணலோ நிரப்பி, பாயின் ஓரக் கண்களில் மூன்றடிக்கு ஒன்றாகத் தரையைத் தொடாமல் தொங்கவிடவேண்டும். காற்று வீசும்போது பாய் சற்று எழும்பும், பாரமும் எழும்பும். காற்று தணிந்ததும் பாரம் பாயைத் திரும்ப இழுத்துச் சரிசெய்யும். முளையில் இறுகக் கட்டிய பாய்க்கு இந்த இளக்கம் இல்லாததால்தான் கண் பிய்ந்துபோகிறது.

கண் பிய்ந்த பாயைத் தூக்கி எறியவேண்டாம். ஒரு கூழாங்கல்லைப் பாயின் அடியில் வைத்து, பாயோடு சேர்த்துப் பொட்டலம் போல் பிடித்து, அதன் கழுத்தில் கயிற்றைச் சுருக்கிட்டுக் கட்டினால் அது கண்ணைவிடப் பலமாக நிற்கும். கூர்மையான ஜல்லியை வைக்கக்கூடாது.

களத்தில்

நெல், உளுந்து, மக்காச்சோளம் எதுவானாலும் குவியலின்மேல் பாயை நேராகப் போட்டு மூடுவதே வழக்கம். நன்றாகக் காய்ந்த தானியமானால், குவியலை உப்பு அம்பாரம் போல் நீளவாக்கில் முதுகு எடுத்துக் குவித்தால், ஓர் இரவுக்கு இது போதும். ஈர நெல்லுக்கு இது ஆகாது. அறுத்தவுடன் நெல்லில் 20 சதவீதத்துக்கு மேல் ஈரம் இருக்கும். அந்த நெல் மூச்சு விடுகிறது, சூடாகிறது. சூட்டில் எழும் ஆவி பாயின் உட்புறம் பட்டுக் குளிர்ந்து, சொட்டுச் சொட்டாகத் திரும்ப நெல்லின்மேலேயே விழும். மழை ஒரு துளி படாமலேயே குவியலின் மேல்பகுதி முளைவிடுவது இதனால்தான். கொள்முதல் நிலையத்தில் 17 சதவீத ஈரத்தைத் தாண்டினால் தகராறு. சேமித்து வைக்க 14 சதவீதத்துக்குக் கீழே வரவேண்டும்.

ஆகவே ஈர நெல்லுக்குமேல் பாய் படாமல் ஓரடி இடைவெளி இருக்கவேண்டும். இரண்டு பனைகளுக்கு இடையிலோ, ஒரு புறம் மரம் மறு புறம் டிராக்டர் டிரெய்லர் என்றோ கயிறு கட்டி, குவியலின் முதுகுக்கு நேர் மேலே அது போகும்படி செய்யவேண்டும். நீளம் 15 அடிக்கு மேற்பட்டால் நடுவில் ஒரு வளை கொடுக்கலாம். வளை கிடைக்காத அவசரத்தில் காற்றடைத்த லாரி டியூபையோ, வைக்கோல் திணித்த சாக்குகளையோ குவியலின் முதுகில் அடுக்கி, அதன்மேல் பாயைப் போடலாம். சாக்கு சொட்டும் நீரை உறிஞ்சிக்கொள்ளும், டியூப் உறிஞ்சாது. இரண்டில் சாக்கே மேல். காலையில் மழை விட்டதும் பாயை எடுத்துவிட்டு நெல்லைப் பரப்பிக் கிளறவேண்டும். இதற்குச் சோம்பினால் மற்ற எல்லா வேலையும் வீண்.

குவியலைச் சுற்றி ஒரு சாண் ஆழத்துக்குச் சிறு வாய்க்கால் எடுத்து, தாழ்ந்த பக்கமாக நீரை விட்டுவிடவேண்டும். பாயிலிருந்து வழியும் நீரே குவியலின் அடியை நனைத்துவிடுவது பல களங்களில் நடக்கிறது.

காற்று

கூரையின் முதுகு காற்று வரும் திசைக்கு நேராக அமையவேண்டும். காற்றுக்கு விலாவைக் காட்டினால் பாய் பாய்மரமாகிவிடும். கச்சான் அடிக்கும் மாதங்களில் ஒரு திசை, வாடைக் காலத்தில் வேறு திசை. படகைக் கரையில் ஏற்றும்போதே இதைப் பார்த்து ஏற்றுவது நல்லது. விசைப்படகுகளுக்கான மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள். அந்த நாள்களில் கூரை கட்டுவோர் மழையைவிடக் காற்றையும் வெயிலையுமே எண்ணிக் கட்டவேண்டும்.

புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றிவிட்டால் பாயைப் பிரித்து மடித்து எடுத்துவிடுவதே நல்லது. பலத்த காற்றில் கூரை படகைக் காப்பதற்குப் பதில் படகையே புரட்டிவிடக்கூடும். வளைகளும் கயிறும் அப்படியே இருக்கலாம்.

பாயும் வளையும் நீடிக்க

பிளாஸ்டிக் தார்ப்பாயை மழையைவிட வெயிலே அதிகம் அழிக்கிறது. வேலை முடிந்ததும் நல்ல நீரில் அலசி, உப்பைப் போக்கி, நிழலில் உலர்த்தி மடிக்கவேண்டும். ஈரத்தோடு மடித்தால் பூஞ்சணம் பிடிக்கும். ஒவ்வொரு முறையும் ஒரே மடிப்பில் மடிக்காமல் மாற்றி மடித்தால் மடிப்பு வாயில் விரிசல் விழாது. நைலான் கயிறு நனைந்தால் இளகும். முதல் மழைக்குப் பின் ஒருமுறை இழுத்துக் கட்டவேண்டும். லாரியில் பாரம் கட்டுவோர் போடும் கண்ணி முடிச்சைக் கற்றுக்கொண்டால் அவிழ்க்காமலே இறுக்கலாம். தார்ப்பாய்களை மானிய விலையில் வழங்கும் திட்டங்கள் அவ்வப்போது வருவதுண்டு. வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தில் கேட்டு அறியலாம்.

மூங்கில் பிளாச்சை வெட்டியவுடன் உபயோகித்தால் ஓராண்டில் வண்டு துளைத்து மாவாக்கிவிடும். மூங்கிலில் உள்ள மாவுச்சத்தைத் தேடியே வண்டு வருகிறது. பிளந்த மூங்கிலைக் குளத்திலோ தொட்டியிலோ மூன்று நான்கு வாரம் ஊறப்போட்டு, நிழலில் காயவைத்தால் அந்தச் சத்து கரைந்து, வண்டுத் தொல்லை வெகுவாகக் குறையும். ஊறிய பிளாச்சு நன்றாக வளைந்தும் கொடுக்கும். ஆகையால் வளைப்பதை ஈரமாக இருக்கும்போதே செய்து, இரு முனைகளையும் கயிற்றால் பிணைத்து, வில் போல் வைத்தே காயவிடவேண்டும். பருவமழைக்கு முன் காய்ந்து தயாராக இருக்கவேண்டுமானால் ஆவணியில் மூங்கிலைத் தண்ணீரில் போட்டுவிடவேண்டும்.